எஸ்டேட்டா, எஸ்யூவியா? பெங்களூரு–கோபி ஓட்டத்துக்கு வேகமான குடும்ப வண்டி

கொங்குக்காரன்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன். இப்போது ஒரு கேள்வி.

வீடு ஹொரமாவு, சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போகிறோம். கனகபுரா, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், திம்பம், சத்தி வழிதான் எனக்குப் பிடித்தது. கிளம்ப நேரமாகிவிட்டால் ஓசூர், சேலம், பவானி. வண்டியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாதி நேரம் அம்மா. திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், எண்ணெய் டின் எல்லாம் டிக்கியில் ஏறிவிடும்.

ஜெர்மனியில் வேலை பார்த்தபோது ஆக்டேவியா காம்பி ஆர்எஸ் வைத்திருந்தேன், அதாவது செடானின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டிய எஸ்டேட், அதிலும் வேக ரகம். ஸ்போர்ட்ஸ் கார் போல வளையும், கட்டிலைப் பிரித்துப் போட்டால் பின்னால் போய்விடும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இங்கே அந்த வகை வண்டியே கிடைப்பதில்லை. பட்ஜெட் 60 லட்சம், மனைவியைச் சமாதானப்படுத்தினால் 70. பழைய வண்டி வாங்கத் தயக்கம் இல்லை. இப்போது கையில் இருக்கும் பட்டியல்:

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2020 மாடல். எஸ்டேட் இல்லைதான், ஆனால் பின்கண்ணாடியோடு கதவு முழுவதும் மேலே திறக்கும்.

வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, 2018, டீசல். அசல் எஸ்டேட்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ, 2023. விற்பவர் 68 சொல்கிறார், கொஞ்சம் இறங்குவார் போலிருக்கிறது.

எதை எடுத்தால் திம்பத்தில் சந்தோஷமாகவும் ராமமூர்த்தி நகர் சிக்னலில் நிம்மதியாகவும் இருக்கலாம்?

ஓசூர் பைபாஸ்

எக்ஸ்3. ஆறு சிலிண்டர், 360 பிஎஸ் குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.9 விநாடி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழைய டிஎஸ்ஜி

யோசிக்க நிறைய இருக்கிறது தம்பி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேக எஸ்டேட் என்பது ஏதோ நேற்று முளைத்த விஷயம் இல்லை. 1994-இல் ஆடி, போர்ஷேவோடு சேர்ந்து ஆர்எஸ்2 அவான்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து சிலிண்டர், 315 பிஎஸ். அதே வருடம் வால்வோ 850 எஸ்டேட்டை பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்திலேயே இறக்கினார்கள். கூரை நீண்ட வண்டி ரேஸ் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அப்போதும் உண்டு.

நம் நாட்டுக் கதை வேறு. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது, பிறகு மாருதி பலேனோ ஆல்ட்யூரா, ஆக்டேவியா காம்பி, 2004-இல் இண்டிகோ மரீனா. எதுவும் நிலைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் மரீனா வாங்கி வந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பணக்காரர்களிடமும் இதே கதைதான். ஆடி 2015-இல் ஆர்எஸ்6 அவான்ட்டையே இங்கே விற்றுப் பார்த்தது. 2017-இல் வி90 கிராஸ் கன்ட்ரி, 2018-இல் மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஆல்-டெரைன். கம்பெனிகளைத் திட்டுவதில் அர்த்தமில்லை, வாங்காமல் விட்டது நாம்தான்.

இப்போது ஒரே எஞ்சினை எஸ்டேட்டிலும் எஸ்யூவியிலும் வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆடி ஆர்எஸ்6 அவான்ட், ஆர்எஸ் க்யூ8 இரண்டிலும் அதே 4 லிட்டர் வி8, 600 பிஎஸ், 800 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்). எடை முதலாவது 2,075 கிலோ, இரண்டாவது 2,315. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 3.6 விநாடி, 3.8 விநாடி. நேர்கோட்டில் வித்தியாசம் கண் சிமிட்டும் நேரம். ஆனால் வளைவில் அந்த உயரத்தையும் 240 கிலோவையும் அடக்க எஸ்யூவிக்குச் சாய்வைத் தடுக்கும் மின் மோட்டார் வரை போக வேண்டியிருக்கிறது. எஸ்டேட் பாதி வேலையைத் தன் உயரத்தாலேயே முடித்துவிடுகிறது.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று ஓடிய நேரமும் அதையே சொல்கிறது. பிஎம்டபிள்யூ எம்3 டூரிங், 510 பிஎஸ், 2022-இல் 7 நிமிடம் 35.06 விநாடி. ஆர்எஸ் க்யூ8-இன் 640 பிஎஸ் வண்டி 2024-இல் எடுத்தது 7 நிமிடம் 36.7. 130 குதிரை கூடுதலாக இருந்தும் பின்தங்கித்தான் வந்தது.

ஓசூர் பைபாஸ்

சார், நூர்பர்க்ரிங்கில் மாரத்தஹள்ளி பாலத்துக்கு அடியில் இருக்கிற குழி கிடையாதே.

பழைய டிஎஸ்ஜி

அது சரி. அதனால்தான் இது என்ன வண்டி வாங்குவது என்ற கேள்வி, லேப் நேரக் கேள்வி இல்லை. ஆனாலும் அடிப்படை இயற்பியல் திம்பத்துக்கும் ஒன்றுதான். அங்கே 27 கொண்டை ஊசி. ஒவ்வொன்றிலும் எதிரே கரும்பு லாரி, நடுவில் பிரேக், திருப்பு, மறுபடி பிரேக். எடை குறைவான வண்டியில் பிரேக் சூடாகாது, பிள்ளைகள் வாந்தி எடுக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஸ்டேட் என்றாலே லேசான வண்டி என்று நினைக்க வேண்டாம். வி90 கிராஸ் கன்ட்ரியும் 1.9 டன் பக்கம் வரும், எக்ஸ்3-ம் அதே அளவுதான். பட்டியலில் உண்மையாகவே லேசானது ஆக்டேவியா, ஒன்றரை டன்னுக்குள் நின்றுவிடும். 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், வளைவில் இரண்டு முன்சக்கரத்துக்கும் விசையைப் பங்கிட மின்கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியல், நூறைத் தொட 6.6 விநாடி. வி90-இல் இருப்பது 235 குதிரை டீசல், 480 நியூட்டன் மீட்டர். நெடுஞ்சாலையில் சுகம், ஆனால் அதை வேகமான வண்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சீட்பெல்ட் செல்வி

நீங்கள் எல்லோரும் விநாடிக் கணக்கிலேயே இருக்கிறீர்கள். நான் அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன். அண்ணா, அவர்களுக்கு முட்டி வலி உண்டா?

எங்கள் வீட்டில் மாமியார் ஏறி இறங்குவதுதான் வண்டியையே முடிவு செய்தது. தாழ்ந்த காரில் உட்காருவது கஷ்டமில்லை, எழுவதுதான் கஷ்டம். கதவுச் சட்டத்தைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்து, "முருகா" என்று சொல்லி எழ வேண்டும். அதற்காக ரொம்ப உயரமும் வேண்டாம், ஃபார்ச்சூனர் மாதிரி என்றால் அவர்களுக்கு ஏணி தேவைப்படும். இடுப்பு உயரத்தில் சீட் இருந்தால் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். எக்ஸ்3 அந்த உயரம்தான். வி90 கிராஸ் கன்ட்ரி தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் தூக்கி வைத்தது, அதனால் அதுவும் பரவாயில்லை. ஆக்டேவியாவில்தான் சந்தேகம். ஷோரூம் பேச்சு வேண்டாம், அம்மாவையே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, உயரமான வண்டியில் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு ஆட்டம் அதிகம். ஏற்காடு போகும்போது என் மகளுக்கு எஸ்யூவியில் ஐந்தாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும். தம்பியின் செடானில் மேலே வரை பாட்டுப் பாடிக்கொண்டே வருவாள். ஓட்டுபவருக்கு இது தெரியாது, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்குத் தலை சுற்றாது.

டிக்கி அளவையும் பாருங்கள். ஆக்டேவியா 590 லிட்டர், வி90 560, எக்ஸ்3 550. பெரிய வண்டியில் பெரிய டிக்கி என்பதெல்லாம் கற்பனை. அரிசி மூட்டையை எந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பதும் ஒரு கணக்கு. 25 கிலோவைத் தொடை உயரத்துக்குத் தூக்குவதும் இடுப்புக்கு மேலே தூக்குவதும் ஒன்றில்லை.

கொங்குக்காரன்

செல்வி மேடம், அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. இது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் மனைவி அடிக்க வருவார். இந்த வாரக் கடைசியில் கூட்டிப்போகிறேன்.

அடி தட்டுவதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் லேஅவுட்டுக்குள் வேகத்தடை (ஹம்ப்) போட்டவர் யார் என்று தெரியவில்லை, சுவர் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அளவுகோல்

இதற்காகத்தான் காத்திருந்தேன். தொழில் சிவில், அதனால் கொஞ்சம் கணக்கு வரும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஒரு ஹம்ப் என்பது 17 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு. அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். ஆக்டேவியாவின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம், சுமார் 2.68 மீட்டர், அதனால் மேட்டின் நடுவே வரும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். அடிவயிற்றுக்குக் குறைகிற இடைவெளி 5.3 சென்டிமீட்டர் மட்டும். எக்ஸ்3-க்கு 6, வி90-க்கு அதன் 2.94 மீட்டர் வீல்பேஸால் 6.4. மூன்றுமே சிரமமில்லாமல் தாண்டும். விதிப்படி போட்ட ஹம்ப்பில் எந்த செடானும் தட்டக் கூடாது.

பிரச்சினை என்னவென்றால், நம் தெருவில் இருப்பது ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரத்தில் யாரோ தார் கொட்டிவிட்டுப் போனது. அதில் முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறுவதற்கு முன் மேடு முழுவதும் வயிற்றுக்கு நேர் கீழே நிற்கும். அப்போது வீல்பேஸ் எல்லாம் பேச்சே இல்லை, முழு 15 சென்டிமீட்டரும் போய்விடும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். இதில் ஆக்டேவியா தட்டும், குறுக்காக ஏற்றினால் ஒருவேளை தப்பிக்கும். வி90-யும் எக்ஸ்3-யும் தப்பித்துவிடும்.

யாரும் கவனிக்காத இடம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப். ஆறுக்கு ஒன்று சரிவில் ஏறி, மேலே சட்டென்று சமதளமாகிற விளிம்பு இருக்கிறதே, அங்கே குறைவது ஆக்டேவியாவுக்கு 11 சென்டிமீட்டர், வி90-க்கு 12. விதிப்படி போட்ட ஹம்ப்பை விட இரண்டு மடங்கு. அந்த விளிம்பை வளைவாகப் பூசியிருந்தால் பிழைத்தீர்கள், கூராக விட்டிருந்தால் தினமும் காலையில் ஒரு சத்தம்.

ஆகவே கம்பெனி அச்சடித்த எண்ணை நம்பாமல், வீட்டாரை எல்லாம் ஏற்றி, தரையில் படுத்து டேப்பால் அளந்து பாருங்கள். எஞ்சின் கீழ்த்தகட்டின் தாழ்ந்த முனையிலிருந்து.

ஓசூர் பைபாஸ்

படுத்து அளக்கச் சொல்கிறார். விற்பவர் நம்மை என்ன நினைப்பார்?

ஜேசி ரோடு ஜெயம்

நல்ல வண்டி வைத்திருப்பவர் ஒன்றும் நினைக்க மாட்டார், அளக்கவிடாதவரிடம் வாங்காதீர்கள்.

பழைய வண்டி வியாபாரமும் வேலையும் இருபது வருடத்துக்கு மேல் பார்த்தவன். மூன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

ஆர்எஸ் 245 இந்தியாவுக்கு 200 வண்டிதான் வந்தது. 2025-இல் வந்த புது ஆர்எஸ் 265 பிஎஸ், அது 100 வண்டி, ஷோரூம் பக்கம் போவதற்குள் தீர்ந்துவிட்டது. அதனால் பழைய 245-இன் விலை இறங்க மறுக்கிறது. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பைத்தியங்கள், நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன். வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்கள். ஆனால் பாதிப் பேர் சக்தியைக் கூட்ட ஈசியூவில் (எஞ்சினின் கணினியில்) கை வைத்திருப்பார்கள், விற்கும்போது பழையபடி மாற்றிவிட்டு "ஸ்டாக்" என்பார்கள். கியர்பாக்ஸ் ஈரக் கிளட்ச் வகை, கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும், உலர் கிளட்ச் பெட்டியை நினைத்து பயப்பட வேண்டியதில்லை, ஆனால் எண்ணெய் மாற்றிய ரசீது வேண்டும். நான்கு வீலையும் கழற்றி உள்பக்க விளிம்பைத் தடவிப் பாருங்கள். 18 அங்குல வீலில் 225/40 டயர், பக்கச் சுவர் வெறும் 90 மில்லிமீட்டர். பெங்களூரு குழியில் வளையாத ரிம்மோடு ஒன்று கிடைத்தால் அது கராஜிலேயே இருந்த வண்டி என்று அர்த்தம்.

எக்ஸ்3 எம்40ஐ-யில் எஞ்சின் தங்கம். 20 அங்குல வீல், பின்டயர் முன்டயரை விட அகலம். முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது, பின்ஜோடி முதலில் தேய்ந்து தீரும். டயர் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள், கேட்கும்போது நிற்காதீர்கள்.

வி90 நல்ல வண்டி, நல்ல இரும்பு. ஆனால் இங்கே விற்ற எண்ணிக்கை குறைவு. பெயர் சொல்ல மாட்டேன், என் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரு ஐரோப்பிய எஸ்டேட். தண்ணீர் லாரி ரிவர்ஸ் வந்து பின்கதவுக் கண்ணாடி போய்விட்டது. கண்ணாடி கப்பலேறி வருவதற்குள் அவர் வாரக்கணக்கில் தெர்மாகோலும் டேப்பும் ஒட்டி ஓட்டினார். முன்கண்ணாடி என்றால் எப்படியாவது கிடைத்துவிடும், எஸ்டேட்டின் பின்கண்ணாடியை யார் இருப்பு வைத்திருப்பார்?

இன்னொரு எச்சரிக்கை. டெல்லி பக்கம் டீசல் வி90 மலிவாகக் கிடைக்கலாம். ஆசைப்பட்டு ஓட்டி வந்துவிட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று), கர்நாடக வாழ்நாள் வரி என்று அலையாதீர்கள். இங்கே 20 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், அதன் மேல் செஸ். வண்டி வயதுக்கு ஏற்பக் குறைப்பார்கள், இருந்தாலும் மலிவு என்று நினைத்ததில் பாதி போய்விடும். தமிழ்நாட்டு நம்பரோடு ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். அங்கேயும் 2023 நவம்பரில் இருந்து 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம், போதாக்குறைக்கு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு. கேஏ நம்பர் வண்டியாகவே தேடுங்கள்.

மின்சாரக் கண்ணன்

ஏன் எல்லோரும் பெட்ரோலிலேயே நிற்கிறீர்கள்? ஹாரியர் ஈவி நான்கு சக்கர இயக்கம், 504 நியூட்டன் மீட்டர், 6.3 விநாடி. ஆர்எஸ் 245-ஐ விட வேகம், பாதி பட்ஜெட், புது வண்டி, வாரண்டி. மீதிப் பணத்தில் கோபியில் ஒரு தோட்டம் வாங்கலாம்.

அளவுகோல்

கோபியில் அந்தப் பணத்துக்குத் தோட்டம் கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள்.

மின்சாரக் கண்ணன்

சரி, தென்னங்கன்று வாங்கலாம். ஆனால் கேள்வி நியாயமானதுதானே?

பழைய டிஎஸ்ஜி

நியாயமான கேள்விதான். சிக்னலில் இருந்து கிளம்பும்போது ஆர்எஸ் அதை நெருங்காது. ஆனால் பேட்டரியோடு எடை 2 டன்னைத் தாண்டிவிடுகிறது. பேட்டரி தரையோடு கிடப்பதால் சாய்வு குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பிரேக் மிதித்து வளைவுக்குள் நுழையும்போது அந்த எடை மூக்கில் தெரியும். கொங்குக்காரர் தேடுவது காம்பியில் கிடைத்த அந்த உணர்வை. அது டார்க் எண்ணில் வராது.

இறக்கத்தில் மட்டும் மின்வண்டிக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். திம்பத்தில் இருந்து பண்ணாரிக்கு இறங்கும்போது பிரேக்கைத் தொடாமலே மோட்டார் பிடித்துக்கொள்ளும், பேட்டரியும் கொஞ்சம் ஏறும்.

சீட்பெல்ட் செல்வி

சார்ஜர் சேலம் வழியில் தாராளம். சத்தி வழியில் காட்டுக்குள் எங்கே போய்த் தேடுவது? இரவு 9 மணிக்கு வனச் சோதனைச்சாவடிக் கேட்டை மூடிவிடுவார்கள், காலை 6 வரை திறக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்குள் தாண்ட வேண்டும் என்ற அவசரத்தில் சார்ஜ் கணக்கையும் போட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. வீட்டில் முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்பினால் போய்விடலாம் என்பார்கள். போகலாம், ஆனால் ஏசி போட்டு, ஐந்து பேர் ஏறி, மலையும் ஏறிய பிறகு மீட்டரில் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

கொங்குக்காரன்

கண்ணன் ப்ரோ, அடுத்த வண்டி நிச்சயம் மின்சாரம்தான். இது என் கடைசிப் பெட்ரோல் வண்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இந்த ஆட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு ஆர்எஸ்-ஸையும் எக்ஸ்3-யையும் பார்த்துவிட்டு வந்தேன். வி90 விற்றுவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள், நிம்மதி, ஒன்று குறைந்தது.

எக்ஸ்3-யில் அம்மா ஏறியதுமே "இது நல்லாருக்கு" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். ஓசூர் பைபாஸ் சொன்னது பொய்யில்லை, அந்த எஞ்சின் சத்தத்துக்கே சொத்தை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஹென்னூர் பக்கம் ஒரு நீண்ட வளைவில் கொஞ்சம் அழுத்தினேன். வண்டி அழகாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் எங்கோ மேலே உட்கார்ந்து ஒரு கெட்டிக்கார டிரைவரிடம் வேலை சொல்லுகிற மாதிரிதான் இருந்தது. பின்சீட்டில் மகன் "அப்பா, மெதுவா" என்றான்.

ஆர்எஸ்-இல் முதல் ரவுண்டானாவிலேயே தெரிந்துவிட்டது. கை திருப்பினால் வண்டி ஏற்கெனவே திரும்பியிருக்கிறது. மகன் எதுவும் சொல்லவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். அதுதான் எனக்குச் சான்றிதழ்.

அம்மா விஷயம்: முன்சீட்டை முழுக்க உயர்த்தி, பின்னால் தள்ளி வைத்தால் ஏறுகிறார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாசத்துக்கு ஒரு தடவைதானே, பிடிச்சுக்கறேன்" என்கிறார். மனைவி அதை நம்பவில்லை.

அடி தட்டும் விஷயம்: எங்கள் லேஅவுட் ஹம்ப்பில் நேராக ஏற்றினேன், உரசியது. குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றினேன், தப்பியது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அளவுகோல்

குறுக்கே ஏற்றித் தப்புகிறதென்றால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் பற்றாக்குறை. வீலை 17 அங்குலத்துக்கு மாற்றி 225/50 டயர் போட்டால், டயரின் மொத்த விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர் கூடும், வண்டி அதில் பாதி, அதாவது ஒரு சென்டிமீட்டர் உயரும். ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும், கேமரா இருக்கும் இடத்தில் நினைவில் வையுங்கள். உயரம் வேண்டாம், குழிக்கு மட்டும் பாதுகாப்புப் போதும் என்றால் 225/45. விட்டம் ஏறக்குறைய பழையதே, பக்கச் சுவர் 90-இலிருந்து 101 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

வாங்குவதற்கு முன் அந்த 17 அங்குல வீலை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். முன் பிரேக் காலிப்பர் பெரியது, எல்லா வீலும் உள்ளே போகாது.

பழைய டிஎஸ்ஜி

ஸ்பிரிங்கை உயர்த்துகிறேன் என்று யாராவது ஸ்பேசர் விற்க வந்தால் துரத்திவிடுங்கள். அந்த வண்டியின் உயிரே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. டயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓசூர் பைபாஸ்

எக்ஸ்3 வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியென்றால் விற்பவர் நம்பரைத் தனி மெசேஜில் அனுப்புங்கள். சும்மா கேட்கிறேன்.

சீட்பெல்ட் செல்வி

சும்மா கேட்கிறாராம்.

அண்ணா, ஒரு விஷயம். உங்கள் ஹொரமாவில் 2025 மே மாதம் சாயி லேஅவுட் மூழ்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். உங்கள் தெரு எப்படி? தாழ்ந்த வண்டியில் தண்ணீருக்குள் இறங்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு கனெக்டிங் ராடு வளைந்து முழு எஞ்சினும் போய்விடும். சாதாரணக் காப்பீட்டில் அதற்குப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுக்க வேண்டும். 2020 வண்டி என்பதால் ஜீரோ டெப்ரிசியேஷனும் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன்) சில கம்பெனிகள் தர மறுக்கும், வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கொங்குக்காரன்

எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது, ஆனால் வெளியே போகும் வழி பள்ளம்தான். அந்த மாதிரி மழை நாளில் வண்டியை எடுக்க மாட்டேன், மெட்ரோ வரை நடந்துவிடுவேன். எக்ஸ்3 என்றாலும் அந்தத் தண்ணீரில் இறக்க எனக்குத் தைரியம் வராது.

ஆர்எஸ்-க்கே மனம் சாய்ந்துவிட்டது. மனைவி இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். ஒன்று, 17 அங்குல வீல். இரண்டு, அம்மாவை ஊருக்குக் கூட்டிப்போகும் நாளில் அவர்தான் முன்சீட், மனைவி பின்னால், அதனால் நான் திம்பத்தில் வேகத்தைக் காட்டக் கூடாது.

ஜெயம் அண்ணே, சனிக்கிழமை வண்டியை உங்களிடம் கொண்டுவரலாமா?

ஜேசி ரோடு ஜெயம்

வாங்க. காலை எட்டு மணிக்கு முன்னால் வந்தால் லிஃப்ட் காலியாக இருக்கும், அதற்கு மேல் என்றால் ஜேசி ரோட்டிலேயே ஒரு மணி நேரம் நிற்பீர்கள்.

எஞ்சின் சூடாகாமல் கொண்டுவரச் சொல்லுங்கள் விற்பவரை. குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட் சத்தம்தான் எனக்கு வேண்டும். சீட் பெல்ட்டை நான்கையும் கடைசி வரை இழுத்துப் பார்ப்பேன், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடி நாடாவில் சேறு கோடு போட்டிருக்கும். டிக்கி அடியில் ஸ்டெப்னி குழியிலும் அதே மாதிரி. ஸ்கேனர் போட்டால் எஞ்சின் சாஃப்ட்வேர் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அடித்தகடு, ரிம், ஷாக் அப்சார்பர் கசிவு.

அது எல்லாம் முடியும் வரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆர்சியில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் அது நீங்கிய கடிதத்தின் அசலைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. அம்மாவையும் கூட்டி வந்தால் நாற்காலி போட்டுத் தருகிறேன், டீ நன்றாக இருக்கும்.